சென்சஸில் ஒரு ‘1’

அன்புள்ள கமலா,

ஆறு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. குளிர் போய்விட்டது, முழங்கால் வலி போகவில்லை. உனக்குப் பேரன் பிறந்ததை சரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் கணக்கு சரி.

இப்போது எழுத வைத்தது ஒரு பெண். அவள் போய் 190 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பேத்தியைப் பள்ளியில் வம்சாவளி எழுதி வரச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் முன்னோரைத் தேடி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் தெற்குப் பக்கம் போனோம். 1829-ம் வருஷக் கல்யாணப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. அடுத்த வருஷம் சென்சஸ். அந்தக் காலத்தில் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதுவார்களாம். வீட்டில் எல்லார் பெயரையும் எழுத ஆரம்பித்தது 1850-ல். அதனால் அவள், 15 முதல் 20 வயதுப் பெண்கள் கட்டத்தில் வெறும் ‘1’. அவ்வளவுதாண்டி. அடுப்பு மூட்டி, மாடு கறந்து, பிள்ளை பெற்ற ஒருத்தி!

சாவுப் பதிவும் கிடையாது, அங்கே அது தொடங்கியதே 1882-ல். சோளக்காட்டு நடுவில் பத்துப் பன்னிரண்டு கல்லறைகள். மாப்பிள்ளை கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடித்ததும் எழுத்து தெரிந்தது. 1834 செப்டம்பர். வயது 22 வருஷம், 3 மாதம், 11 நாள். இன்னாரின் ‘கன்சார்ட்’, அதாவது பெண்டாட்டி. புருஷனுக்கு முன்னால் போனவளுக்குத்தான் அப்படி வெட்டுவார்களாம். சுமங்கலி, கமலா! கைப்பையில் இருந்த குங்குமத்தைக் கல்லடியில் வைத்தேன். மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை.

பிரசவத்தில் போயிருப்பாள் என்கிறார் அவர். எனக்குப் பால் மேல்தான் சந்தேகம். கோடை முடிவில் புல் காய்ந்தால் மாடுகள் காட்டுக்குள் போய் வெள்ளைப் பூச்செடி ஒன்றைத் தின்னும். அதன் விஷம் பாலில் இறங்கும். அந்த மாடுகள் கொடுத்த பாலைக் குடித்தே வீடு வீடாகச் செத்திருக்கிறார்கள். லிங்கனின் அம்மா 1818-ல் இதே தெற்கு இண்டியானாவில் அப்படித்தான் போனாள், 34 வயதில். பையனுக்கு அப்போது 9. அதே சீசன்தானே இவளுக்கும்? ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம், என் பக்கத்து வம்சாவளியில் அம்மாவின் பாட்டிக்கு உரிய கட்டம் காலியாக இருக்கிறது. அவளும் சின்ன வயதில் போனவள்; ‘தஞ்சாவூர்க்காரி’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உன் பெரியத்தைக்குத் தெரிந்திருக்கும். வெற்றிலை வாங்கிக்கொண்டு ஒரு நடை போய்க் கேள். பெயர் மட்டும் போதும். கடிதத்துக்குக் காத்திருக்காதே, நடுராத்திரியானாலும் போன் பண்ணு.

உன்,
லலிதா