முகத்தைக் காட்டியே பேசு, மகள்

அன்பு மகளுக்கு,

அவுஸ்திரேலியாவில் உங்களுடைய விசாக் கதையைப் பற்றி ரீவிக்காரர் பேசக் கேட்டிருக்கிறார்கள், முகத்தைக் காட்டலாமா என்று கேட்டாய். அப்பா வேண்டாம் என்கிறார் என்றும் சொன்னாய். போனில் சொன்னால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், சொல்ல வந்தது நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். பேசு மகள். முகத்தைக் காட்டியே பேசு.

அப்பாவின் பயம் பொய்யில்லை, அவரோடு சண்டை பிடிக்காதே. அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் மட்டக்களப்பில் பேர் வெளியே தெரிந்தாலே ஆபத்து. 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் இருந்த சனத்துக்குள்ளே இருந்து ஒரே நாளில் 158 பேரை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய தாய்மார் இன்றைக்கும் தேடுகிறார்கள். அதற்குள்ளே வளர்ந்த மனிசனுக்கு ஒளித்திருப்பதுதான் பாதுகாப்பு.

எனக்கு ஒளித்திருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மம்மாவும் தாத்தாவும் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து 77 கலவரத்தோடு மட்டக்களப்பில் கிரான் பக்கம் வந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். முழுக்கதையையும் கேட்கிற வயது வருமுன்னே நீ போய்விட்டாய். இந்தியாவில் இருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் சனத்திடம் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு யார் பதிந்து வைத்தார்கள்? அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. அதிலே 1946 ஜனவரி 1க்கு முன்னே, கலியாணம் முடித்தவர் ஏழு வருடமும் முடிக்காதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். இந்தியாவுக்குப் போய் நீண்ட நாள் நின்று வந்தவனும் மாட்டுப்பட்டான். பிறகு 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, நாடற்றுக் கிடந்த எங்கள் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சின 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். எந்தப் பக்கம் போகிறாய் என்று தாத்தாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கணக்கில் எங்கேயும் சேராமல்தான் நான் வளர்ந்தேன். என் பிறப்புப் பத்திரம் லயத்தோடு எரிந்தது. பதுளைக்குப் போய்ப் பிரதி எடுக்கச் சண்டைக் காலத்தில் வழியில்லை. பதினாறு வயதில் கூடப்படித்த பிள்ளைகளுக்கு அடையாள அட்டை வந்தது, எனக்குக் கிராம சேவகர் எழுதித் தந்த துண்டுக் கடிதம் மட்டும்தான். ஆமிக்காரர் மறிக்கிற சென்றியில் அடையாள அட்டை கேட்பார்கள். அந்தக் கடிதத்தை விரித்துப் பார்த்துவிட்டு என்னை நிழலில்லாத பக்கம் நிற்க வைப்பார்கள். ரவுணுக்குப் போகாமல் விட்டேன், பரீட்சையை விட்டேன். நான் இருக்கிறேன் என்பதே ஒருவருக்கும் தெரியாமல் போனது.

மலையகத்தில் ஒளித்திருக்காதவர்களால்தான் சட்டம் மாறியது. 1986 ஜனவரியில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் கூப்பிட, தோட்டத்துச் சனம் காலையில் வேலைக்கு மலை ஏறாமல் கோயில்களில் கூடிப் பிரார்த்தனை செய்தது. அந்த வருடமே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது, 1988இல் இன்னொன்று, 2003இல் பெரியது. அந்தக் கடைசிச் சட்டத்தில்தான் என் பேரும் ஏறியது. அதிலும் 1964 ஒக்ரோபர் 30 முதல் இங்கே இருந்தவர்கள், அவர்களுடைய பரம்பரை என்று ஒரு திகதி இருந்தது.

நீ எனக்கு விளங்கப்படுத்திய 2012 ஆகஸ்ட் 13ஐ நினைத்துப் பார். அந்தத் திகதியில் இருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கடலால் வந்த அகதிகளுக்கு வேறு முறை என்றார்கள். நீயும் அப்பாவும் றோலர் படகில் ஏறியது ஒக்ரோபரில். அப்பாவின் அகதி வழக்கை மறுபரிசீலனை செய்தவர்கள் அவர் முகத்தையே பார்க்காமல் கடதாசியை மட்டும் பார்த்து நிராகரித்தார்கள். அப்படிப் பார்த்த சபையை 2024இல் அரசாங்கமே கலைத்தது, ஆனால் அது கொடுத்த முடிவு அப்பாவின் தலையில் அப்படியே கிடக்கிறது. 2023இல் தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தரம் என்று அறிவித்தபோதும் நிராகரிக்கப்பட்டவர்களை வெளியே விட்டார்கள். வெளிக்கிட்டால் திரும்ப முடியாது என்று அப்பா தன் தாயின் செத்த வீட்டுக்கும் வரவில்லை. பன்னிரண்டு வயதில் போன உனக்கு, வகுப்பில் கூட இருந்தவர்களைப் போல் உள்ளூர்க் கட்டணத்தில் கம்பசுக்குப் போக முடியவில்லை. என்னை மறித்ததும் உன்னை மறித்ததும் யாரோ மேசையில் இருந்து குறித்த திகதிதான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன்னைக் கெட்டிக்காரி, ஆங்கிலம் பேசுகிறவள் என்று காட்டத்தான் அவர்கள் விரும்புவார்கள். அந்தப் புகழ்ச்சிக்குள் நிற்காதே. பரீட்சை பாஸ் பண்ணினவளுக்கு மட்டும் இருக்க உரிமை என்றால், பண்ணையில் பழம் பிடுங்குகிற அண்ணன்மாரும், பாஷை வராத அப்பாவும் எங்கே போவது? நிரந்தர விசா கேட்டு மெல்பேணில் இருந்து கன்பரா வரைக்கும் நடந்தார்களே 22 பெண்கள், அவர்களை வரவேற்கப் போன நீ அவர்களுடைய கால்களைப் பற்றித்தான் எனக்குச் சொன்னாய், படிப்பைப் பற்றி இல்லை. அப்படிச் சொல், அங்கேயும்.

பேசுமுன் லோயரிடம் கேள். அப்பாவின் வழக்கில் எழுதிக் கொடுத்ததற்கு மாறாக ஒரு சொல்லும் வரக்கூடாது. படகில் வந்த மற்றவர்களின் பேரையும் ஊரையும் சொல்லாதே, அவர்களுடைய வீட்டுச் சனம் இங்கேதான் இருக்கிறது. பேசி முடிந்த அடுத்த நாளும் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போ, மேடையைவிட அதுதான் எனக்குப் பெரிது. எனக்கு அட்டை வந்த பிறகு, அக்கா எங்களுக்கும் எழுதித் தாங்கோ என்று சனம் வாசலுக்கு வந்தது. காலங்கடந்த பிறப்புப் பதிவு, உத்தேச வயதுப் பத்திரம், சத்தியக்கடதாசி எல்லாம் அப்படித்தான் படித்தேன். சுனாமிக்குப் பிறகு நடமாடும் சேவைகளில் பெண்களோடு வரிசையில் நின்றேன். இன்னும் நிற்கிறேன். போன கிழமையும் ஒரு கிழவி வந்தா. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பத்திரமில்லை. பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அடுத்த செவ்வாய் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டு. அவருடைய பேரைச் சொல்லாமல் பேசுவாய் என்று முதலில் வாக்குக் கொடு, பிறகு கேட்டுப் பார். ஒளிபரப்பாகிற திகதியை எழுது, அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்டுகளையும் கூப்பிட வேணும்.

அன்புடன்,
அம்மா