காளான் தண்டு அனுப்பு

அன்புள்ள மக்கா,

கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. நீ சிப்பிக்காளான் ஷெட் போட்டிருக்கிறாய் என்றதும் எனக்கு வேறு ஒரு யோசனை ஓடிவிட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"இன்னும் அந்த இறால் நாத்தத்துலதான் இருக்கியா" என்று கேட்டிருந்தாய். இருக்கிறேன், விடுவதாகவும் இல்லை. ஏற்றுமதிக்கு இறால் உரிக்கும் இடங்களில் தலையும் ஓடும் குவிந்து கிடக்கும் இல்லையா, அந்தக் காய்ந்த ஓட்டில் கிட்டத்தட்ட கால் பங்கு கைட்டின் என்ற நார், மீதி பெரும்பாலும் புரதமும் சுண்ணாம்பும்தான். அந்த இரண்டையும் கழற்றிவிட்டு நாரை மட்டும் எடுப்பதுதான் எங்கள் வேலை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓட்டைப் போட்டதும் சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்துப் பொங்கும், சுண்ணாம்பு கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மொறமொறவென்று இருந்த ஓடு கொஞ்ச நேரத்தில் ஈரத்துணி மாதிரி துவண்டுவிடும். வீட்டில் வினிகரில் போட்டுப் பார், மெதுவாக இதேதான் நடக்கும். அப்புறம் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் புரதம் இறங்கிவிடும். கழுவி, ரோஜா நிறத்தையும் வெளுத்துவிட்டால் அவல் போல வெள்ளைச் செதில்கள், அதுதான் கைட்டின்.

அதையே 40, 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் 100 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வேகவைத்தால் கைட்டோசன் என்ற வேறு பொருளாகிவிடும். கைட்டின் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரையாது, கைட்டோசன் கரையும். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கும்போது வடித்த கஞ்சி மாதிரி தெளிவாகக் கெட்டியானால் அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிடும், ஏனென்றால் இதை வைத்துத்தான் காயத்தில் ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணியே செய்கிறார்கள்.

ஆனால் கழுவும் தண்ணீர்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அமிலமும் காரமும் போகும்வரை அலச வேண்டும், அத்தனையையும் நடுநிலையாக்காமல் வெளியே விடவே கூடாது.

அதனால்தான் உன் காளான். உனக்குத் தெரியுமா, கைட்டினை முதலில் கண்டது இறாலில் இல்லை, 1811இல் பிரான்சில் ஆன்றி பிராகொன்னோ என்பவர் காளானில்தான் கண்டார். 'கைட்டின்' என்ற பெயர் பிறகு 1823இல், பூச்சியின் மேலோட்டை ஆராய்ந்த ஓடியே (Odier) என்ற விஞ்ஞானி வைத்தது. காளானும் ஒரு பூஞ்சைதான், பூஞ்சையில் இறால் ஓட்டில் உள்ள மாதிரிச் சுண்ணாம்பு கிடையாது, அதனால் அமிலக் குளியலைப் பெருமளவு குறைத்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் அங்கே கைட்டின் குளுக்கன் என்ற இன்னொரு நாரோடு இறுக்கமாகப் பின்னிக் கிடக்கும், பிரிப்பது லேசில்லை, பல நேரம் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள். சிட்ரிக் அமிலம் தயாரிக்க வளர்க்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் கழிவுகூட இதற்கு ஆகும். மியூகர் வகைப் பூஞ்சைகளோ இன்னும் நல்லவை, அவற்றின் செல் சுவரிலேயே கைட்டோசன் இருக்கிறது. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பூஞ்சைக் கைட்டோசன் ஒரு வழி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அறுவடையில் வெட்டிப் போடும் அடித்தண்டைத் தூக்கி எறியாதே. வைக்கோலைத் தட்டிவிட்டு நிழலில் நன்றாகக் காயவைத்து ஒரு கிலோ பார்சல் போடு, பார்சல் கூலி நான் தருகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய பெஞ்ச் தோழன்