பகல் வீட்டுக்கு உருவம் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், கூட நின்று உழைத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

மன்னார்குடி பக்கத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் பகல் பொழுதில் வந்து இருந்துவிட்டுப் போகும் முதியோர் பகல் வீடு நல்லபடியாக நடக்கத் தொடங்கிவிட்டது. பணமும் பொருளும் கொடுத்தவர்களுக்குத் திறப்பு விழாவிலேயே மாலை போட்டு நன்றி சொல்லியாகிவிட்டது. அன்று மேடைக்கு வராதவர்கள் பலர். இந்த வீடு எப்படி இருக்க வேண்டும் என்று வாய் திறந்து சொன்னவர்கள், அதைக் காதில் வாங்கிக் கையால் செய்து கொடுத்தவர்கள். இந்த மடல் அவர்களுக்காக.

முதல் நன்றி, புங்கமரத்தடியில் உட்கார்ந்து பேசிய அப்பாயிகளுக்கும் அத்தைகளுக்கும். பொதுக்கூட்டத்தில் ஆண்கள் டிவி வேண்டும், கேரம் போர்டு வேண்டும் என்று அடுக்கினார்கள். பெண்களைக் கேட்டால் "நீங்க எது செஞ்சாலும் சரிதாம்மா" என்பதோடு முடிந்துவிட்டது. அதனால் அவர்களோடு மட்டும் தனியாக ஒரு சாயங்காலம் உட்கார்ந்தோம். கூச்சம் விட்டுப் போனதும் ஒரு அப்பாயி சொன்னார்: "வெளிய கெளம்புறதுன்னா காலையிலேருந்து தண்ணி குடிக்க மாட்டேன். போற எடத்துல ஒதுங்க எடம் இருக்காது." சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாத் தலையும் ஆடியது. சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெயில் காலத்தில் தொண்டை காய நடந்து வந்திருக்கிறார்கள். பட்டியலின் கடைசியில் கிடந்த கழிப்பறை அன்றைக்கே முதலிடத்துக்கு வந்தது.

கொத்தனார் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய நன்றி பெரிது. காகிதத்தில் போட்ட வரைபடம் பெரியவர்களுக்குப் புரியவில்லை என்றதும், பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டை அப்படியே முழு அளவில் கோடு போட்டுவிட்டார். கதவு இங்கே, கழிப்பறை இங்கே என்று செங்கல் வைத்து அடையாளம் காட்டி, நடந்து பார்க்கச் சொன்னார். வாக்கர் வைத்திருக்கும் தாத்தா உள்ளே போனார், திரும்ப முடியாமல் நின்றார். கோட்டைக் காலால் அழித்து அகலமாகப் போட்டார்கள். மூட்டுவலிக்கார அத்தை ஒருவர், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து எழுந்தார். எழும்போது அவர் கை தானாகப் போய்ப் பிடித்த உயரத்தில் ஒரு குச்சியை வைத்துக் குறித்துக்கொண்டோம். இன்று கைப்பிடி இருப்பது அந்த உயரத்தில்தான். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே யாராவது விழுந்துவிட்டால் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் எடுக்க வர வேண்டும் என்று சொன்னவர்களும் அந்தப் பெரியவர்களே. வெல்டிங் பட்டறைத் தம்பி அப்படி ஒரு தாழ்ப்பாளைச் செய்து கொடுத்துக் கூலி வாங்க மறுத்தது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

சாய்வுப் பாதையையும் சொல்லியாக வேண்டும். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. திண்ணை ஒன்றரை அடி, ஆக பதினெட்டு அடி. வாசலில் அவ்வளவு இடமில்லை. பல கட்டடங்களில் இந்த இடத்தில்தான் செங்குத்தாக ஒரு சரிவைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறார்கள்; சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது மலை. நம் கொத்தனார் அண்ணன் பாதையை நடுவில் மடக்கி, திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க ஒரு சமதளமும் விட்டுக் கட்டினார்.

இடத்தைப் பற்றித் தைரியமாகப் பேசிய காலனிப் பெரியவர்களுக்கு இந்த ஊரே நன்றி சொல்ல வேண்டும். முதலில் பார்த்தது கோயில் பக்கத்து மனை. "அங்க கட்டினா நாங்க வந்து ஒக்காருவோம்னு நெனைக்கிறீங்களா?" என்று ஒரு தாத்தா கேட்டார். கூட்டத்தில் யாரும் பதில் பேசவில்லை. இரண்டு தெருவுக்கும் நடுவே மெயின் ரோட்டில் பூட்டிக் கிடந்த பழைய கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவர்தான். இன்று இரண்டு தெருவும் அங்கே ஒரே பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்குத் தனி நன்றி. உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோருக்கு உகந்த நகரங்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. டெல்லி, உதய்ப்பூர் உட்பட 33 நகரங்களில் முதியவர்களையே உட்காரவைத்துக் கேட்டு எழுதியது அது. "அவங்க கேட்டாங்கள்ல, நாமளும் கேப்போம்" என்று தொடங்கிவைத்தவர் ஐயா. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்குப் போய், கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டு வந்தவரும் அவர்தான்.

முதியோர் உதவித்தொகை நம் மாநிலத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது, 2023இல் 1,200 ஆனது. தொகை கூடியிருக்கிறது, அதைக் கையில் வாங்குவதுதான் பாடு. நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. ரேஷன் கடையிலும் இதே கதை. விரலை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்து வைத்துப் பார்த்த பாட்டிகள் உண்டு. தபால்கார அக்கா மாதம் ஒரு நாள் கருவியோடு பகல் வீட்டுக்கே வந்து, பொறுமையாக ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துப் பணம் கொடுக்கிறார். ரேஷன் கடைக்குப் போக முடியாதவர்கள் வேறொருவரை அனுப்பப் படிவம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் அதை நிரப்பிக் கொடுத்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் தங்கச்சி, இப்போது செவ்வாய்க்கிழமைகளில் இங்கேயே உட்கார்ந்து பிபி பார்க்கிறார். வர முடியாதவர்கள் வீட்டுக்குப் போவதையும் விடவில்லை. அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

"எனக்கு ஒங்க வீடும் வேணாம், சோறும் வேணாம், வேல குடு" என்று கோபப்பட்ட தாத்தாவையும் விட முடியாது. சாவி அவரிடம்தான் இருக்கிறது. கணக்கு நோட்டு ஒரு அத்தையிடம். மாதக் கூட்டத்தில் இவர்கள் சம்மதிக்காமல் ஒரு மின்விசிறிகூட மாட்ட மாட்டோம். அதில் எனக்கு அத்தனை பெருமை.

பேருந்து நிறுத்தம் இன்னும் தள்ளித்தான் இருக்கிறது. பெரியவர்கள் கைகாட்டினால் பகல் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, அவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகே விசில் கொடுக்கும் நடத்துநருக்கும், காத்திருக்கும் ஓட்டுநருக்கும் நன்றி. வாசலில் முறையாக ஒரு நிறுத்தம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்தோ கைநாட்டோ போடாதவர்கள் இந்த வாரத்துக்குள் வந்து போட்டுவிடுங்கள். மனு, சாவி வைத்திருக்கும் தாத்தாவிடம் இருக்கிறது.

அன்புடனும் நன்றியுடனும்,
ஒருங்கிணைப்பாளர், முதியோர் பகல் வீடு