அன்றைக்கு உன் கையை அழுத்தியது நான்தான், அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

மைனி குடும்பக் குழுவில் போட்ட படத்தை நேற்று ராத்திரி பார்த்தேன். அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில், பட்டமளிப்பு அங்கியோடு உன் மகன், நம்ம பயல், நிற்கிறான். பக்கத்தில் நீ, கேமராவைப் பார்க்காமல் அவன் கையிலிருக்கும் காகிதத்தையே பார்த்துக்கொண்டு. எல்லாரும் வாழ்த்து போட்டிருந்தார்கள். எனக்குப் போடக் கை வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த போன் பேச்சை இங்கே விரிக்கப்போவதில்லை. "எல்லையத் தாண்டினா அந்தப் பேரு யாருக்குத் தெரியும், அவனை ஏன் அங்க சேக்கிற?" என்று நான் கேட்டேன். "சரி மக்ளே" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் கல்யாணத் தேதியும் மருந்துக் கணக்கும்தான்.

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். இரண்டு முறை எழுதி அழித்தேன். பொதுவில் எழுத ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன். சொந்தக்காரர்களும் என் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களும் இதைப் பார்ப்பார்கள். அதனால் சில இடங்களில் பெயர் இருக்காது, சில விஷயங்களைத் தொடாமல் போவேன்.

2003, ஜூன். நல்ல மழை. திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தின் ஜன்னல். என் பி.எட். காரியமாகப் போயிருந்தோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, இப்போது ஓய்வு பெற்றிருப்பார். உன் கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் என் சான்றிதழ்கள். அவர் என் எம்.எஸ்சி. பட்டத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டினார். "மனோன்... மணியம்... சுந்தர..." பாதியில் நிறுத்திப் பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டினார். "இது ஏதா யூணிவேர்சிட்டி? கேட்டிட்டில்லல்லோ." பிறகு என்னைப் பார்த்து, சிரித்த முகமாகத்தான், "மதராஸ் ஆணெங்கில் நமுக்கு அறியாம்" என்றார். மதராஸ் என்றால் தெரியுமாம்.

நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாய். "சார், அந்தச் சுந்தரனார்..." என்பது வரைக்கும் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

நம் வீட்டில் இந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று உனக்குத் தெரியும். மேடையேறினால் மணிக்கணக்காகப் பேசுகிற தமிழ் வாத்தியார், ஒரு கிளார்க்குக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போய் நின்றாராம். சித்தப்பா கல்யாண வீடுகளில் அதை நடித்தே காட்டுவார். நீ சிரிப்பாய். நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

சித்தப்பா, நீங்களும் வாசியுங்கள். அண்ணன் பேசாமல் நின்றதற்குக் காரணம் நான். ஜன்னல் திட்டுக்குக் கீழே அவன் மணிக்கட்டைப் பிடித்து, நகம் பதிய அழுத்தினேன். திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இருபது வருடத்துக்கு மேலாக அவன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இதற்காகத்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஏன் அழுத்தினேன் என்று நீ கேட்டதே இல்லை. பின்னால் வரிசை நின்றது. அந்த வரிசையில் என் வீட்டுக்காரருடைய ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். கல்யாணமாகி ஐந்து மாதம். படித்த பெண் என்று சொல்லித்தானே கட்டிக்கொடுத்தீர்கள். படித்த இடத்தின் பேரே ஆபீசில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்ற செய்தி எனக்கு முன்னாலேயே களியக்காவிளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்தேன். புது வீட்டில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் பயம் உனக்குப் புரியாது. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பேரைப் பற்றி வெட்கம். அதை விளக்கிச் சொல்லப் போன உன்னைப் பற்றியும் வெட்கம். இதை எழுத இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, பார்.

நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பிலிருந்து உன் வாயால் கேட்டதுதான். சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். அதுதான் இன்றைக்குப் பாளையத்தில் இருக்கிற யூனிவர்சிட்டி காலேஜ். குடியிருந்தது பேரூர்க்கடையில். தன் ஆசிரியர் ஹார்வியின் பேரை அந்த இடத்துக்கு வைத்து ஹார்விபுரம் ஆக்கினார். 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். நாம் தினமும் பள்ளிக்கூட முற்றத்தில் நின்று பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுத்தது. திருவிதாங்கூரின் பழைய மன்னர்களுடைய கல்வெட்டுகளைத் தேடிப் படித்து அவர்கள் காலத்தைக் கணித்தவரும் அவர்தான். 1897-இல், 42 வயதில் போய்விட்டார்.

"சார், அந்தச் சுந்தரனார் உங்க ஊர்லதான் இருந்தாரு." இதைத்தான் சொல்ல வந்தாய். சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஒருவேளை கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடியும் அந்தப் பட்டத்தைப் பார்த்திருப்பார். அல்லது "ஆயிக்கோட்டே, ஈக்குவலன்சி கொண்டுவா" என்று, அதாவது இந்தப் பட்டம் அவர்கள் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று கொண்டுவா என்று, அப்போதும் சொல்லியிருப்பார். இரண்டில் எது என்று தெரியாமலே போயிற்று.

வெளியே வந்ததும் தம்பானூரில் பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தந்தாய். உன் மணிக்கட்டில் நாலு பிறைத் தழும்பு சிவந்திருந்தது, சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாய். "பேரூர்க்கடைக்கு ஒரு நடை போயிட்டு வருவமா மக்ளே? பஸ்ஸு நெறைய உண்டும்" என்றாய். நேரமாச்சு என்று சொன்னேன். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஜன்னலுக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? 1998-இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் எனக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்து கடிதம் வந்தது. நீ அதை வாசித்து, நாலாக மடித்து, மேசையில் வைத்துவிட்டு, "நமக்கு நம்ம யூனிவர்சிட்டி இருக்கு" என்றாய். அந்த வருடம் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. பணம் இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பெண்பிள்ளையை ஹாஸ்டலில் விட அம்மாவுக்குப் பயம் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். நீ இரண்டையும் சொல்லாமல் ஒரு பல்கலைக்கழகத்தின் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். உன் மேல் வரவேண்டிய கோபம் அந்தப் பேர் மேல் போயிற்று. அதற்கு நான் மட்டுமா பொறுப்பு?

அம்மா என்னிடம் கொடுத்துவிட்டுப் போன தகரப் பெட்டியைப் போன மாதம்தான் திறந்தேன். பெரியப்பாவின் பட்டம் 1954, திருவிதாங்கூர் பல்கலைக்கழகம். அப்பாவுடையது 1963, சென்னை. சித்தப்பாவுடையது 1975, மதுரை. என் பட்டத்தின் நகல் ஒன்று, மனோன்மணியம் சுந்தரனார். நாலு பேரும் படித்தது நாகர்கோவிலில் அதே கல்லூரியில், அதே வராந்தாவில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் கல்லூரி சென்னைக்குக் கீழே வந்தது. 1966-இல் மதுரையில் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே போனது. 1990-இல் திருநெல்வேலி. கட்டடம் அசையவே இல்லை, சீட்டில் இருக்கும் பேர் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

யோசித்துப் பார். பெரியப்பாவின் பட்டத்தை அந்த ஜன்னலில் நீட்டியிருந்தால் கேள்வியே வந்திருக்காது. திருவிதாங்கூர் பல்கலைக்கழகம்தான் 1957-இல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பேர் மாறியது, அது அவர்கள் வீட்டுச் சாமான். அப்பாவுடையதை நீட்டியிருந்தாலும் "அறியாம்" என்று வாங்கியிருப்பார். நான் அப்பாவைவிட மோசமாகவா படித்தேன்? அப்பாவுக்கு வேதியியல் ஆய்வகத்தில் கிடைத்த மேசைதான் எனக்கும் கிடைத்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் கல்கத்தா, பம்பாயோடு சேர்ந்து பிறந்தது. 1907-இல் அங்கே எம்.ஏ. முடித்த சி.வி. ராமன் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போனார், அங்கே செய்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வாங்கினார். அப்படிப் போனவர்களெல்லாம் போன இடத்தில் அந்தப் பேரைச் சொன்னார்கள். 2003-இல் நம்முடையதற்கு 13 வயது. அதை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிய முதல் ஆட்களில் நானும் ஒருத்தி. அண்ணே, நான் என்ன செய்தேன் தெரியுமா?

பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் ஒரு சேச்சி கேட்டார், "எவிடயா படிச்சது?" நான் "மதராஸ் யூனிவர்சிட்டி" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. அலுவலகக் கோப்பில் சரியாகத்தான் இருக்கிறது, அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆசிரியர் அறையில் மட்டும் இத்தனை வருடமாக நான் மதராஸ்காரி. தினமும் காலையில் களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டும்போது பேரை இறக்கிவைத்துவிட்டுப் போவதுபோலப் போய்வந்தேன். இதை வாசிக்கும் என் பள்ளிக்கூடத்து ஆட்களே, மன்னியுங்கள்.

எனக்கும் சாக்கு இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கம் பஸ்ஸில் போனால், நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் பேரைக் கடை மாடிகளில்தான் பார்க்கலாம். தொலைநிலைக் கல்வி மையம், கீழே செருப்புக் கடை. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்களுக்கு அது பெரிய உதவி, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பேரை முதன்முதலில் அப்படிப் பார்த்தவர், சான்றிதழைக் கையில் வாங்கும்போது இரண்டு தடவை புரட்டிப் பார்க்கத்தான் செய்வார். மாநிலத்துக்கு வெளியே இப்படி மையம் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொன்னது பிற்பாடுதான். அதற்குள் பேர் கெட்டது கெட்டதுதான். ஒழுங்காக வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள் தலையிலும் அது விழுந்தது.

மதராஸ் என்று சொன்னதாவது என்னைக் காப்பாற்றியதா என்றால், அதுவும் இல்லை. 2023 ஆகஸ்டில் அங்கே துணைவேந்தர் நாற்காலி காலியானது. வருடம் திரும்பியும் ஆள் வரவில்லை, ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. அதே சேச்சி பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "டீச்சரே, நிங்களுடெ மதராஸில் வைஸ் சான்சலர் இல்லே?" என்று வருத்தமாகக் கேட்டார். என்னுடையது இல்லாத ஒன்றுக்காக நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னுடையதற்காக ஒரு நாளும் தலை நிமிர்ந்ததில்லை. அன்றைக்கு ராத்திரி உனக்கு போன் செய்ய எண்ணினேன். செய்யவில்லை.

பயல் ராஜாக்கமங்கலத்தில் படிக்கிறான் என்றபோது, ஏதோ கிளைக் கல்லூரி என்றுதான் நினைத்தேன். நம் பல்கலைக்கழகத்துக்கென்றே அங்கே ஒரு கடல் அறிவியல் மையம் இருப்பது, இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது. ஆழ்வார்க்குறிச்சியில் சுற்றுச்சூழலுக்கு ஒன்று இருப்பதையும் அவன்தான் சொன்னான். பேர் யாருக்குத் தெரியும் என்று உன்னிடம் கேட்டவளுக்கே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அவன் எனக்கு மட்டும் ஒரு சேதி அனுப்பியிருந்தான். உன்னிடம் இதற்குள் சொல்லியிருப்பான். கொச்சியில் ஓர் ஆய்வகத்தில் பிராஜெக்ட் வேலைக்கு நேர்முகம். "எங்க படிச்சேன்னு கேட்டாங்க அத்தை. சொன்னேன். ராஜாக்கமங்கலமா, அங்க எங்க கூடப் படிச்சவர் ஒருத்தர் பாடம் எடுக்காரே, சுகமா இருக்காரான்னு கேட்டாங்க." அவ்வளவுதான் சேதி. நான் அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

இருந்தாலும் காகித வேலையைச் சும்மா விடாதே. இன்றில்லாவிட்டாலும் பி.எச்டி. பதிவின்போது யாராவது சமானச் சான்று கேட்பார்கள். ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்துக்கும் பதிவாளர் முத்திரை வாங்கி வைக்கச் சொல். உண்மைத்தன்மைச் சான்றுக்கும் இப்போதே விண்ணப்பம் போடட்டும். அது இல்லாமல் அந்த வருடம் எனக்கு பி.எட். போயிற்று. எனக்காக நீ அபிஷேகப்பட்டிக்கு இரண்டு நடை போனதாகத்தான் சொன்னாய். மூன்றாவது நடை காய்ச்சலோடு போனதை அம்மா கடைசிக் காலத்தில்தான் சொன்னாள். ஏன் மறைத்தாய்? நன்றி சொல்லக்கூட விடமாட்டாயா? இந்தத் தடவை நான் அவனோடு போகிறேன். நீ வீட்டில் இரு.

இன்றைக்குக் காலை ஆசிரியர் அறையில் அந்தப் படத்தைக் காட்டினேன். "என்டெ மருமகனாணு. ஞானும் அவிடெத்தன்னெயாணு படிச்சது" என்றேன். சேச்சி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அப்போ மதராஸோ?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டது. பதில் பாக்கி இருக்கிறது, நாளைக்குச் சொல்லவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. பத்து மணிக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், நீ நாகர்கோவிலிலிருந்து நேராக வந்துவிடு. பேரூர்க்கடைக்குப் போவோம். காரியவட்டத்துக் கடிதத்தைப் பற்றி நீ எனக்குப் பதில் சொல்லவேண்டும், அதைப் பஸ்ஸில் பேசிக்கொள்ளலாம்.

உன் தங்கச்சி
களியக்காவிளை