கடைமடைக் களிக்கு அகல டயர் உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் இரு சக்கர வாகனத்தைப் பராமரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். எல்லாம் சரிதான், ஆனால் எழுதியவர் தார் ரோட்டை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. சேற்றுப் பாதைக்கென்று ஒரே ஒரு வரி, 'அகலமான பட்டன் டயர் போட்டுக்கொள்ளலாம்' என்று (மேலே கட்டை கட்டையாகப் புடைத்திருக்குமே, அந்த டயர்). இதே யோசனையைக் கேட்டுப் போன வருஷம் ஐப்பசியில் வாய்க்காலில் விழுந்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. வண்டி எட்டு வருஷப் பழைய ஸ்பிளெண்டர், இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒன்று நிற்குமே அதேதான். வீட்டிலிருந்து வயலுக்கு இரண்டு கிலோமீட்டர், முக்கால்வாசி வாய்க்கால் கரை. ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்புக்கு முன்னால் தூர்வாருகிறார்கள், வாரிய மண்ணை அதே கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள், கோடையில் கட்டி தட்டிக் கிடக்கிற அந்த மண் அடைமழை பிடித்ததும் அல்வாவாகிவிடும். (இது தனிக் கடிதத்துக்கான விஷயம், விடுங்கள்.)

மச்சானுக்கு ஒரத்தநாடு. அவர் பட்டன் டயர் போட்டு ஜம்மென்று போவதைப் பார்த்துதான் நானும் முன்னும் பின்னும் அகலமாக மாட்டினேன். அங்கே கல்லணைக் கால்வாய்ப் பாசனம், நாங்கள் புது ஆறு என்போம், மண்ணில் மணல் கலந்திருக்கும், தண்ணீர் வடிந்துவிடும், டயர் பிடிக்கும். நம் பக்கம் சுத்தக் களி. பட்டனுக்கு இடையில் புகுந்த களி உதிராது, சக்கரம் நாலு சுற்று சுற்றியதும் டயர் வழவழவென்று உருண்டையாகிவிடும். அதைவிட மோசம் மேலே நடப்பது. ஒட்டிய களி சுற்றி வந்து மட்கார்டுக்குள் அடையும், கூடவே வைக்கோலும் அருகம்புல்லும் சேர்ந்து சுவர் வைத்த மாதிரி இறுகிவிடும். டயர் அகலம் என்றால் இடைவெளி குறைவு, இன்னும் சீக்கிரம் அடையும். சறுக்கி விழுவோம் என்று பயந்துகொண்டு போனேன், சறுக்கவில்லை, முன் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பின் சீட்டில் 45 கிலோ யூரியா மூட்டை வேறு. நானும் மூட்டையும் தண்ணீரில், வண்டி மட்டும் கரையில். அப்புறம் கதிர் அரிவாள் முனையால் மட்கார்டை நோண்டி நோண்டிச் சக்கரத்தைச் சுற்றவைக்க அரைமணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகு செய்தது இதுதான். முதலில் மெக்கானிக் முன் மட்கார்டை மொத்தமாகக் கழற்றிப் போட்டார். முகமெல்லாம் சேறு, ஹெட்லைட்டில் சேறு, அது போகட்டும், ஹேண்டில் ஆட ஆரம்பித்தது. மட்கார்டைத் தாங்கும் இரும்புப் பட்டைதான் முன் சக்கரத்தின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்பது கழற்றிய பிறகுதான் தெரிந்தது. திரும்பவும் பட்டையை மாட்டி, மட்கார்டை மட்டும் டயருக்கு மேல் நாலு விரல் உயரத்தில் இரண்டு கிளாம்ப் வைத்துத் தூக்கினோம். வெல்டிங் கிடையாது, போல்ட்தான், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். டயர் பழைய ஒல்லி அளவுக்கே திரும்பியது, டயரிலுள்ள பள்ளம் மட்டும் கொஞ்சம் ஆழமானது. ஒல்லி டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு போய் அடியிலுள்ள கெட்டி மண்ணைத் தொடும், அகல டயர் மேலேயே மிதக்கும்.

காற்றைக் கொஞ்சம் இறக்குவேன், 28 பி.எஸ்.ஐ. இருந்தால் 22. அதற்குக் கீழே போகாதீர்கள், டியூப் டயரில் ரிம்முக்குள் டயர் நகர்ந்து வால்வைப் பிடுங்கிவிடும். தார் ரோடு ஏறியதும் மறுபடி அடிக்க வேண்டும், கைப்பம்பு டிக்கியில் கிடக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல் சக்கரத்தில், இரண்டு பல் கூட்டினேன், ரோட்டில் வேகம் குறையும், மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும், ஆனால் இரண்டாவது கியரிலேயே மூட்டையோடு நிதானமாக இழுக்கும். செயின் கவரைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றாதீர்கள், வீட்டுக்காரி சேலைக்கும் அது காவல், செயினுக்கும் காவல். சைடு ஸ்டாண்டு களியில் புதையாமல் இருக்க அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வைத்தேன், அதற்கு முன்னால் ஒரு கொட்டாங்குச்சியைப் பையிலேயே வைத்திருந்தேன்.

சேற்றுக்கென்றே வண்டி வருகிறதே, அதை வாங்கலாமே என்பீர்கள். 2019ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 நல்ல வண்டிதான், முன் சக்கரம் 21 அங்குலம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். ஆனால் சீட் 823 மில்லிமீட்டர், எடையும் 150 கிலோவைத் தாண்டும். களியில் வண்டி சாய்ந்தால் இரண்டு காலும் ஊன்ற வேண்டும், இல்லையென்றால் தூக்கி நிறுத்த ஊர்க்காரர்களைக் கூப்பிட வேண்டும். ஸ்பிளெண்டர் 112 கிலோ, ஒருத்தனே நிமிர்த்திவிடலாம். விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதில் ஒரு பயம் மட்டும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சைலன்சரை மாற்றி ஊரை அலறவிடுகிறவர்களுக்கு அது சரி. வயலுக்குப் போக மட்கார்டைத் தூக்கியவனும் ஏன் நெஞ்சு படபடக்க டவுனுக்குள் வரவேண்டும்? உயரமான முன் மட்கார்டு ஒன்றைக் கம்பெனிகளே பில் போட்டு, அனுமதியோடு டெல்டா மாவட்ட ஷோரூம்களில் விற்றால் இந்தத் தொல்லையே இல்லை. பெரிய செலவா என்ன, ஒரு பிளாஸ்டிக்கும் நாலு போல்ட்டும். இதைக் கம்பெனிக்காரர்கள் காதில் உங்கள் நாளிதழ்தான் போட வேண்டும்.

அடுத்த முறை மழைக்காலக் குறிப்பு எழுதுகிறவரை ஐப்பசியில் இங்கே அனுப்பிவையுங்கள். அகல டயர் இன்னும் மாட்டுக்கொட்டகையில்தான் கிடக்கிறது, மாட்டித் தருகிறேன், அரிவாளும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.