வன்னி வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு: கருத்தரங்கு வேண்டாம், ஓர் ஆசிரியருக்கு நேரம் தாருங்கள்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களே,

இப்போது தரம் 10, 11 படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஷெல் சத்தம் கேட்டதில்லை, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றதில்லை. "இதுகளுக்கு என்ன போர்ப் பாதிப்பு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது வீட்டுக்குள் இருக்கிறது. இரவில் திடுக்கிட்டு எழும்பும் தாய், பின்னேரமானால் குடிக்கும் தகப்பன், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்துக்கு மாலை போட விடாத அம்மம்மா. வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி 2008இல் வெளியான ஓர் ஆய்வு, தகப்பனின் குடிக்கும் பிள்ளை வாங்கும் அடிக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

இதற்கு மருந்தென்று பாடசாலைக்கு வருவது பெரும்பாலும் ஒருநாள் கருத்தரங்குதான். பதாகை, ஒலிவாங்கி, சோற்றுப் பார்சல், குழுப்படம். அப்புறம் ஆளைக் காணோம்.

வடக்கில் 399 பிள்ளைகளிடம் 15 அமர்வுகள் நடத்திப் பார்த்த வகுப்பறை மனநலத் திட்டமே (முடிவு 2012இல் வெளியானது) கலவையான பலனைத்தான் தந்தது. ஆண் பிள்ளைகள் சிலவற்றில் தேறினார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவு உதவவில்லை. அந்த நேரத்தில் போர் சார்ந்த நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே கூடுதல் பயன். மாறாக, சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாமொன்றில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 31 பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஆறு அமர்வுகள் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பெரும்பாலானோர் தேறியிருந்தார்கள். சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் எங்கள் ஆட்களால் முடியும் என்பதற்கு அது போதும்.

ஆலோசனைக்கென்று பொறுப்புக் கொடுக்கப்பட்ட ஆசிரியர் பல பாடசாலைகளில் முழு நேரசூசியோடு கணிதமோ சமயமோ படிப்பிக்கிறார். லீவில் போனவரின் வகுப்பும் அவர் தலையில்தான். அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் "இடைவேளைக்கு வா" என்கிறார். இடைவேளை இருபது நிமிடம். அவருடைய பாடவேளைகளைப் பாதியாகக் குறையுங்கள். கதவு பூட்டக்கூடிய ஓர் அறை கொடுங்கள், அதிபரின் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கே போகிற பிள்ளையைப் பார்த்து "விசர்" என்று பட்டம் வைக்க நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். தன்னால் முடியாததை அந்த ஆசிரியர் மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவோடு நேரே பேசி ஒப்படைக்க வழி இருக்கட்டும்.

இன்னொன்று. மே மாதம் வந்தால், போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களின் நினைவாகக் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள்: "ஏன் கஞ்சி காய்ச்சுகினம்?" ஆசிரியர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். 2024இல் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி கொடுத்தவர்களைப் பொலிஸ் கைதுசெய்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும். ஆனால் வீட்டிலும் பேசாமல் வகுப்பிலும் பேசாமல் விட்டால் பிள்ளை மிச்சத்தைக் கைபேசியில்தான் தேடும். அங்கே கிடைப்பது பிணங்களின் படம். தன் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு வயதுக்கேற்றபடி உண்மையைச் சொல்லும் ஆசிரியரிடம் விளக்கம் கோரப்படமாட்டாது என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வருகிற மே மாதத்துக்கு முன்பே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்