திருப்பணி நிறைவு அறிக்கை: கோயிலும் கல்பாலமும்

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

படித்துறையில் கடைசிக் கல்லும் வைத்தாயிற்று. அதோடு நம் குழு எடுத்துக்கொண்ட வேலை முடிகிறது. தணிக்கையாளர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளாக இணைத்திருக்கிறோம். அவரவர் ரசீது எண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த எண்களை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. தாளில் ஏறாத சங்கதிகளை எழுதுகிறேன். அதில் பெரியது, பாலத்துக்கு வைத்த பெயர்.

முதலில் கோயில். மகா மண்டபத்தில் மழைக்கு மழை ஒழுகியது ஊருக்கே தெரியும். மேல்தளத்தில் பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து அடித்து, மேலே புதுத் தட்டோடு பதித்தோம். சிமெண்ட் போட்டால் வேலை பாதி நாளில் முடியும் என்று சொன்னவர்கள் உண்டு. வல்லுநர் குழு தந்த ஒப்புதலில் சுண்ணாம்பு என்றுதான் இருந்தது; அதை மீறவில்லை. தூண்களில் நூறு வருஷத்து வெள்ளையும் காவியும் அப்பிக் கிடந்தன. மணலைப் பீய்ச்சி அடித்து ஒரே நாளில் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அப்படி அடித்தால் கல்லின் மேல்தோல் போய் உளிவேலை மழுங்கிவிடும், அறநிலையத் துறையும் அதைத் தடை செய்திருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். தண்ணீரும் நார்க் கட்டையும் கொண்டு தேய்த்துத் தேய்த்தே எடுத்தது. ஒரு தூணில் காவிக்கு அடியிலிருந்து, தவழும் கிருஷ்ணனின் சிறு விரல்கள்கூடத் தெளிவாக வந்தன. சிலையைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்தைக் கோயிலிலேயே இடித்தோம். கொம்பரக்கு, குங்குலியம், சுக்கான்கல், செம்பஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் எருமை வெண்ணெய் விட்டு இடித்தபோது உலக்கை பிடிக்க ஆள் போதாமல் செயலாளரும் இடித்தார். ஆவணியில் கும்பாபிஷேகம், 48 நாள் மண்டல பூஜை ஐப்பசியில் நிறைவு. எல்லாம் நீங்கள் வந்து பார்த்ததுதான்.

இனி பாலம்.

கோயிலுக்குப் போகிற வழியில் கன்னடியன் கால்வாயின் மேல் கிடந்த கல்பாலம், சப்பரம் வரும்போதெல்லாம் அடிவயிற்றைக் கலக்கியது. தண்ணீர் போக மூன்று கண், மேலே நீளக் கற்கள்; நடுக்கண்ணில் இரண்டு கல் விரிசல். சப்பரத்தைத் தூக்குகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் தாளம் தப்பி ஓடுவார்கள். பாலம் பேரூராட்சியின் சொத்து, கால்வாய் நீர்வளத் துறையின் சொத்து, போகிற சுவாமி நம்முடையவர். ஆகவே நமக்கு நாமே திட்டத்தில் நம் பங்குப் பணத்தைக் கட்டினோம். தரைமட்டம் உயரக் கூடாது, கண் குறுகக் கூடாது என்ற நிபந்தனையோடு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் வந்தது. பிசான சாகுபடித் தண்ணீரை அடைத்த பிறகு, கார் சாகுபடிக்கு ஜூனில் திறப்பதற்குள் அடித்தளம், தூண், தளம் மூன்றும் முடிய வேண்டும். ரெடிமிக்ஸ் லாரி நம் தெருவில் திரும்பாது. கலவை இயந்திரத்தை வைத்து இங்கேயே கலந்தோம். தளம் போட்ட பிறகு ஈரச் சாக்கு விரித்து 21 நாள் கியூரிங். கால்வாய் வறண்டு கிடந்ததால் தண்ணீர் கோயில் கிணற்றிலிருந்துதான். ஒன்பதாம் நாள் மோட்டார் புகைந்துபோனது. மேலத்தெருப் பெண்கள் குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். கணக்குத் தாளில் ‘மோட்டார் காயில் கட்டியது’ என்று இருப்பது இதுதான். அவர்கள் சுமந்த தண்ணீருக்குத் தாளில் இடமில்லை.

பழைய கற்களைக் கிரேன் வைத்துத் தூக்கியபோது ஒரு கல்லின் அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது. ‘கொல்லம்’ என்பது தெளிவு. நம் பக்கத்துப் பழைய கல்லில் கொல்லம் ஆண்டுதான் கணக்கு. ஆங்கில ஆண்டு வேண்டுமானால் 825-ஐக் கூட்ட வேண்டும். ஆனால் எதோடு கூட்டுவது? எண் இருந்த இடத்தில் கல் உடைந்திருந்தது. கீழே ‘உபயம்’ என்று முடிகிறது. அதற்கு முன்னால் இருந்த பெயரைத் தண்ணீர் தின்றுவிட்டது. பேப்பர் வைத்துத் தேய்த்தும் பார்த்தோம். வரவில்லை.

மண்டல பூஜை முடிந்த வாரம் ஒரு காலை. பெயிண்டர் ஒருவர் புதுக் கைப்பிடிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, நீலத்தில் ‘பாரதியா’ வரை எழுதியிருந்தார். பால் வாங்கப் போன நம் பொருளாளர் நின்று, “என்ன எழுதுதே?” என்று கேட்டிருக்கிறார். “பாரதியார் பாலம் அண்ணாச்சி. ஆபீஸ்ல சொன்னாவ.” அரை மணியில் பாலத்தின் இரண்டு பக்கமும் ஆள் கூடிவிட்டது. பெயிண்டர் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அந்தச் சுவரில் ‘பாரதியா’ என்றே இருந்தது. அது யார் என்று சின்னப் பிள்ளைகள் கேட்டதாகக் கேள்வி.

விசாரித்தால், பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், துப்புரவு வண்டிப் பழுது ஆகியவற்றுக்கு நடுவே இதுவும் ஒரு பொருளாக வைக்கப்பட்டு ஒருமனதாக நிறைவேறியிருக்கிறது. பணம் கட்டிய நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் அஜெண்டா அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கடந்து மூன்று தடவை உள்ளே போய்வந்தவன் நான். ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. இது என் தவறு, பதிவில் இருக்கட்டும்.

அதன் பிறகு நடந்தவை நம் குழுவுக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல. கால்வாய்ப் பாசனக்காரர்கள் ‘கன்னடியன் பாலம்’ என்று ஒரு மனு எழுதினார்கள். அவர்கள் சொன்ன கதை உங்களுக்கும் தெரியும். எங்கிருந்தோ வந்த கன்னடிய பிரம்மச்சாரி, தானம் வாங்கிய தங்கத்தைக் கொண்டு அகத்தியர் சொன்னபடி பசுவின் பின்னால் போய்க் கால்வாய் வெட்டினான். அது படுத்த இடமெல்லாம் குளமாயிற்று. அவன் சொந்தப் பெயர் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. சாமி பெயரை வைக்கச் சொல்லி இன்னொரு மனு. பெருந்தொகை கொடுத்த உபயதாரரின் தகப்பனார் பெயரை வைக்கச் சொல்லி மூன்றாவது மனு. இது அந்த உபயதாரர் கேட்டதல்ல, அவருக்கு வேண்டியவர்கள் எழுதியது. மூன்றிலும் செயலாளரான என் கையெழுத்து இருந்தது. நீட்டியவர்கள் எல்லாரும் நம்மவர்கள். யாரிடம் மாட்டேன் என்பது? பேரூராட்சிச் செயல் அலுவலர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, “சார், இதுல உங்க கோரிக்கை எது?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

நான்கு கூட்டம் போட்டோம், நான்கும் வெளி மண்டபத்தில். தகப்பனார் பெயரில் சாதிப் பட்டம் ஒட்டியிருந்தது. தெரு, சாலைகளிலிருந்து சாதிப் பெயர்களை எடுக்கச் சொல்லி 2025 அக்டோபரில்தானே அரசாணை வந்தது என்றார் ஒருவர். அதே மாதம் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்களே, அது என்ன கணக்கு என்றார் மற்றவர். விஞ்ஞானி பெயரில் நாயுடுவை எடுத்தால் ஆளை யாருக்குத் தெரியும் என்றது ஒரு கட்சி. அப்படியானால் நம் தகப்பனாரையும் அப்படித்தான் தெரியும் என்றது எதிர்க்கட்சி. பேச்சு திருநெல்வேலிக்குப் போனது. தாமிரபரணியின் மேல் 1843-இல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக்கொடுத்தவர் சுலோச்சன முதலியார்; மனைவியின் நகையையும் போட்டார் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் அவரை ஒரு பெண் என்று நினைக்கிறார்கள். “பட்டத்தை எடுத்தா வெறும் சுலோச்சனா பாலம்லா ஆயிரும்” என்று யாரோ சொல்ல, கொஞ்ச நேரம் எல்லாரும் சிரித்தோம். அந்த இரவு சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்த உறுப்பினர் ஹாமில்டன் பாலத்தின் கதையைச் சொன்னார். ஹாமில்டன் என்பது ஜனங்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆனது. அதை வெள்ளைக்காரர்கள் திரும்ப மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்றார்கள். கடைசியில் அது அம்பேத்கர் பாலம் ஆனது. 1973-இல் திறந்த அண்ணா மேம்பாலத்தை, இடித்துவிட்ட ஸ்டூடியோவின் பெயரால் இன்னமும் ஜெமினி மேம்பாலம் என்கிறார்கள் என்றும் சொன்னார். ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணாச்சி அதுவரை வாயே திறக்கவில்லை. “கட்டபொம்மன் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் நான். 97-ல பேர அழிச்சதையும் கண்ணால பாத்தேன்” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரை ஒட்டி 1997-இல் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டதும், மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்ததும் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் நினைவிருந்தது. குரல்கள் இறங்கின.

மன்றம் ஏன் பாரதியாரைத் தேர்ந்தெடுத்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் எதிர்க்க முடியாத பெயர். தமிழாசிரியர் ஐயா அதற்காக வாதாடினார்: கடலூர்ச் சிறையிலிருந்து வந்த பிறகு 1918 முதல் 1920 வரை கடையத்தில்தானே இருந்தார், அது செல்லம்மாளின் ஊரல்லவா, ஆற்றைத் தாண்டினால் கடையம்தானே, இதைவிட என்ன உறவு வேண்டும்? உறவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை யோசித்து வைத்தார்கள் என்று நான் நம்பவில்லை. வம்பு வராத பெயர் எது என்று தேடினால் எந்த ஊரிலும் இதுதான் கிடைக்கும். என் விருப்பம் ‘கல்பாலம்’. கல் ஒன்றுகூட இல்லாத பாலத்துக்கு அந்தப் பெயரா என்று கேட்டார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நான்காம் கூட்டத்தில், பிரசாதத்துக்காக உட்கார்ந்திருந்த கீழத்தெரு ஆச்சி கேட்டார்: “பேரு இருக்கட்டும்யா. படி எங்க?”

பழைய பாலத்தின் மேற்கே கால்வாயில் இறங்கக் கற்படிகள் இருந்தன. குளிப்பதும், சப்பரத்துக்கு முன் கால் நனைப்பதும், ஆடிப்பெருக்குக்குப் பெண்கள் இறங்குவதும் அங்கேதான். பாலத்தை ஒட்டிக் கரையில் எழுப்பிய புதுச் சிறகுச்சுவர் அந்த இடத்தை மூடிவிட்டது. வரைபடத்தில் படியே இல்லை. நாங்கள் ஐந்து பேர் அந்த வரைபடத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம். ஆடியில் பெண்கள் சரிவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தும் எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. பெயருக்கு நான்கு கூட்டம் போட்டோம். படிக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கவில்லை.

மனு மூன்றையும் மறுநாளே திரும்பப் பெற்றோம். படிக்கு ஒரே மனு, ஒரே கையெழுத்துப் பட்டியல். நீர்வளத் துறை இடத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டது. பிசானத் தண்ணீர் அடைத்ததும் பங்குனிக் கடைசியில் வேலை தொடங்கியது. புதுக் கல் வாங்கவில்லை. கோயில் மதிலோரம் அடுக்கி வைத்திருந்த பழைய பாலக் கற்களையே அளவு பார்த்து உடைத்து, எட்டுப் படி கட்டியிருக்கிறோம். கணக்கில் கல் செலவு இல்லாததற்குக் காரணம் இதுதான். வழுக்காமல் இருக்க மேற்பரப்பைக் கொத்திவிட்டிருக்கிறது. கீழ் மூன்று படிகள் கார்த் தண்ணீர் வந்ததும் மறைந்துவிடும். குழந்தைகளைத் தனியே அனுப்ப வேண்டாம்.

சுவரில் ‘பாரதியார் பாலம்’ முழுதாக எழுதியாயிற்று. தீர்மானம் அப்படியே இருக்கிறது, குழு அதில் மேற்கொண்டு எதுவும் செய்வதாக இல்லை. மனு நகலெடுக்கவும் போக்குவரத்துக்கும் ஆன தொகை ‘இதர வகை’யில் சேர்ந்துள்ளது. அதை உறுப்பினர் பணத்தில் எழுதியது சரியில்லை என்று பொதுக்குழு கருதினால், குழுவினரே பகிர்ந்து கட்டிவிடுகிறோம்.

‘உபயம்’ எழுத்துள்ள கல்லை மட்டும் உடைக்கவில்லை. யாரும் மிதிக்க வேண்டாம் என்று, எழுத்து வெளியே தெரியும்படி மேல்படியை ஒட்டிச் சுவரில் சாய்த்துப் பதித்திருக்கிறோம். குளிக்க வருகிறவர்கள் இப்போது அதன்மேல் சோப்பு டப்பா வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்